ஓடும் வீட்டுக்குத் தச்சு வேலை



இந்த ஆண்டுப் பொங்கல் விழாவன்று சங்க வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் மாப்பிள்ளையின் வண்டி அது. சினிமாக்காரர்கள் 'கேரவன்' என்பார்களே, அந்த ஜாதிதான். ஆனால் அவ்வளவு ஆடம்பரம் கிடையாது. ஒரு டெம்போ டிராவலர் வேனுக்குள் படுக்கை, சமையல் மேடை, அலமாரி, மேல் பெட்டி, சிறு கழிவறை எல்லாவற்றையும் பொருத்தியிருக்கிறோம். உள்ளே ஏறிப் பார்த்த நண்பர்களில் மூன்று பேர், தாங்களும் இப்படிப் பழைய வண்டி ஒன்றை வாங்கி உள்வேலையை மாற்ற நினைப்பதாகச் சொல்லி யோசனை கேட்டார்கள். பொங்கல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிகிற விஷயமா அது? பத்திரிகை ஆசிரியரும் எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் அல்ல. தஞ்சை மாவட்டத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, வேலைக்காலத்தின் பெரும்பகுதியை ஜகாத்ரி பணிமனையில் பயணிகள் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதிலேயே கழித்து, 2020-ல் ஓய்வு பெற்றவன். ஆகவே இந்தக் கட்டுரையில் ரயில் அடிக்கடி குறுக்கே வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த டிசம்பர் காலை

மாப்பிள்ளை இந்த வண்டியை 2022-ல் இரண்டாம் கையாக வாங்கினார். உள்ளே மரவேலை எல்லாம் முன்பே செய்யப்பட்டிருந்தது. பார்வைக்கு மிக அழகு. பளபளவென்று மைக்கா ஒட்டிய அலமாரிகள், படுக்கைக்கு மேலே நீளமாக ஒரு பெட்டி. செய்தவர்கள் வீட்டு அலமாரி செய்து பழகியவர்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் டில்லியிலிருந்து விடியற்காலையில் சிம்லாவுக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்டினார். ஐந்து வயதுப் பேத்தி பின்னால் படுக்கையில் படுத்துத் தூங்கிவிட்டாள். "குழந்தையை எழுப்பி சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடலாமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "விடுங்க மாப்பிள்ளை, ரயில் பெர்த் மாதிரிதானே, தூங்கட்டும்" என்று சொன்னவன் நான். நாற்பது வருடம் பெர்த்துகளைப் பொருத்தியவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

கர்னாலைத் தாண்டியதும் குழந்தை விழித்துக்கொண்டு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். அடுத்த தாபாவில் நிறுத்தலாம் என்று என் மகள் அவளைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு நீலகாய் சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தி மிதித்தார். வண்டி நின்றது; நீலகாயும் தப்பித்தது. ஆனால் பின்னால் இடி விழுந்தது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மேல் பெட்டி அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்து தலையணை மேல் கிடந்தது. உள்ளே இருந்த குக்கர் படுக்கையில் உருண்டுகொண்டிருந்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றியது. சிம்லா போகாமல் மெதுவாகத் திரும்பி வந்தோம். மறுநாளே, "உள்ளே இருப்பது அத்தனையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வோம்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

நான் செய்த தவறு என்ன?

ரயில் பெர்த்தில் படுத்துத் தூங்கலாம், வேனில் ஏன் கூடாது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பயணிகள் ரயில், அவசர பிரேக் போட்டாலும், நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் தள்ளும் விசை மிகக் குறைவு. அவரவர் எடையில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மேல் பெர்த்தில் இருப்பவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார்.

வேன் அப்படியல்ல. ரப்பர் டயர் தார்ச்சாலையைக் கவ்விப் பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி காய்ந்த சாலையில் 35, 40 மீட்டருக்குள் நின்றுவிடும். அப்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு விசையோடு முன்னால் தள்ளப்படுகிறது. ரயிலைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அதுவும் வெறும் பிரேக்தான். எதிலாவது மோதி, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மீட்டர் தூரத்தில் வண்டி நின்றதென்றால், ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் பத்து மடங்காகிவிடும். எங்கள் மேல் பெட்டியும் உள்ளே இருந்த சாமானும் சேர்ந்து 26 கிலோ. மோதலில் அது 260 கிலோ.

ஆகவே முதல் பாடம்: வீட்டு அலமாரிக்கு ஒரே வேலை, நிற்பது. வண்டி அலமாரிக்கு நாலு பக்கமும் இழுப்பைத் தாங்குவது வேலை. சாமான் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை ரயில்வே வெகு நாளாகவே அறியும். 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கியபோது அங்கே பெட்டியின் இரும்புக் கூட்டை மட்டும்தான் செய்தார்கள். உள்வேலையை ரயில்வே பணிமனைகள் செய்தன. 1962 அக்டோபர் 2-ம் தேதிதான் அங்கே பர்னிஷிங் பிரிவு வந்தது. கூடு கட்டுவதும் அதற்குள் சாமான் பொருத்துவதும் தனித்தனித் தொழில்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்

ஆர்வத்தில் உடனே ஸ்குரு டிரைவரை எடுத்துவிடாதீர்கள். முதலில் மூன்று காரியங்கள்.

ஒன்று, காகிதம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கை, வண்டியின் வகை, எடை எல்லாம் அதில் அடக்கம். எங்கள் வண்டி கேம்பர் என்றே பதிவானது. இருக்கைகளை நாங்கள் தொடவும் இல்லை. அப்படியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். சாதாரணப் பயணிகள் வேனை வாங்கி அதை வீடாக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வேலை. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரவிதியே உண்டு. விசாரித்துவிட்டு வண்டியை வாங்குங்கள், வாங்கிவிட்டு விசாரிக்காதீர்கள்.

இரண்டு, எடை. நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தும் 'தரம் காண்டா' எடை மேடைக்கு வண்டியைக் கொண்டு போங்கள். முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு எடை, முழு வண்டியும் ஏறியபடி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் இருக்கும்படி ஒரு எடை. சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று, படம். ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே நுழைகிறது, எந்தக் குழாய் எதன் பின்னால் போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து, வயர்களுக்கு எண் போட்டுத் துண்டுச் சீட்டு கட்டுங்கள். பணிமனையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்வது இதைத்தான்: "கழற்ற எல்லோருக்கும் தெரியும், திரும்பப் பூட்டுகிறவன்தான் தொழிலாளி."

அதன் பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். காஸ் சிலிண்டர் இருந்தால் அதை இறக்கி வண்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். இவ்வளவும் ஆன பிறகே மரத்தில் கை வைக்க வேண்டும்.

மரத்துக்குப் பின்னால் இருப்பது

பொருத்திய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்ற வேண்டும். மேலிருந்து கீழே, வாசலிலிருந்து உள்ளே. முதலில் கதவுகள், இழுப்பறைகள், பிறகு மேல் பெட்டிகள், அதன் பிறகு சமையல் மேடை, அலமாரி, கடைசியில் கட்டில். தட்டிப் பிடுங்கினால் அதோடு ஒட்டியிருக்கும் உள்பக்கத் தகடும் சேர்ந்து கிழியும். பசை போட்டிருந்தால் மெல்லிய இரும்புத் தகட்டை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுங்கள்.

எங்கள் மேல் பெட்டியின் ரகசியம் அப்போதுதான் வெளிப்பட்டது. அதை நான்கே நான்கு மர ஸ்குருக்களால் மாட்டியிருந்தார்கள். அந்த ஸ்குருக்களும் வண்டியின் இரும்புத் தூணில் ஏறவில்லை. சுவரை அலங்கரிக்க ஒட்டியிருந்த மெல்லிய பிளைவுட்டில் மட்டும் ஏறியிருந்தன. மாதக்கணக்கில் குலுங்கிக் குலுங்கி வட்டமான ஓட்டைகள் முட்டை வடிவமாகிவிட்டன. நீலகாய் வராவிட்டாலும் அது ஒரு நாள் விழுந்தே இருக்கும்.

இரண்டாவது ரகசியம் தரையில் இருந்தது. சமையல் மேடைக்கு அடியில் கையை வைத்தேன். பலகை ஈரமாக இருந்தது. பெயர்த்துப் பார்த்தால் பார்ட்டிகிள் போர்டு ஊறி, ரவை உப்புமா போல உதிர்ந்தது. அதன் கீழே இரும்புத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. எனக்கு இது பழைய நண்பனைப் பார்த்தது போல. ரயில் பெட்டியிலும் கழிவறை ஓரமும் வாசல் ஓரமும்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே விரிப்பு சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் காட்டும். பெட்டி பணிமனைக்கு வரும்போது தரையைப் பெயர்த்து அடியில் பார்ப்பது அதனால்தான்.

துருவை வெறும் பெயின்ட் அடித்து மறைக்கக் கூடாது. கம்பித் தூரிகையால் பளபளப்பு தெரியும் வரை தேய்த்து, தகடு மெலிந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்து, பிரைமர், அதன் மேல் பெயின்ட் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. எங்கள் வண்டியில் ஜன்னல் ஓரத்து ரப்பர் விறைத்துப் போயிருந்தது. வேறொருவரை வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். ஒழுகும் வண்டிக்குள் புது மரம் வைப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

மூன்றாவதாகக் கண்டது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்பக்க அவசரக் கதவை ஒரு துணி அலமாரி முழுதாக மறைத்திருந்தது. முன்பக்கம் தீப்பிடித்தால் வெளியே வர வழியே இல்லை. புது அமைப்பில் அந்தக் கதவுக்கு முன்னால் எதுவும் வைக்கக் கூடாது என்று முதல் விதியாக எழுதிக்கொண்டோம்.

எந்தப் பலகை?

கழற்றிய மரத்தை எல்லாம் கபாடிவாலாவின் தராசில் ஏற்றினோம். 310 கிலோ! எல்லாம் 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு. எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றின் எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப். என்றால் சுமார் 40 கிலோ. அதே கனத்தில் பார்ட்டிகிள் போர்டு சுமார் 36. சாதாரண பிளைவுட் 32-லிருந்து 35. ஆனால் 12 மி.மீ. பாப்லர் பிளைவுட் 16-லிருந்து 18 கிலோதான்.

பாப்லர் மரம் நம் வட இந்திய விவசாயிகள் வரப்போரம் நட்டு வளர்ப்பது. எடை குறைவு. நான் வேலை பார்த்த ஜகாத்ரி பணிமனை இருக்கும் யமுனாநகர்தான் இந்த பிளைவுட்டுக்குப் பெயர் போன ஊர். முப்பது வருடம் அந்தத் தொழிற்சாலைகளைக் கடந்து வேலைக்குப் போனவன், ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே வாடிக்கையாளனாகப் போய் நின்றேன்.

பலகை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் பொதுவான உபயோகத்துக்கு. ஐ.எஸ். 710 என்றால் மரைன் பிளை, தண்ணீரைத் தாங்கும். கனமும் விலையும் கூடுதல். ஐ.எஸ். 5509 என்றால் தீயை எளிதில் பற்றவிடாத வகை. நாங்கள் பெட்டிகளுக்கும் அலமாரிக்கும் பாப்லர் பிளை, கழிவறை ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டி அடியிலும் மரைன் பிளை, அடுப்பைச் சுற்றி தீ தாங்கும் பிளை என்று பிரித்துப் போட்டோம். எல்லா இடத்திலும் விலை உயர்ந்ததைப் போடுவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

வெட்டிய ஓரங்களை மறக்காதீர்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான். ஒவ்வொரு ஓரத்துக்கும், துளைக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் கொடுத்தோம். வார்னிஷ் வாசனை போக நாலு நாள் கதவைத் திறந்து போட்டுவிட வேண்டும்.

எப்படிப் பிடிக்க வைப்பது?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மெல்லிய தகட்டில் மர ஸ்குரு நிற்காது. வண்டியின் உடம்பில் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் எங்கே ஓடுகின்றன என்று காந்தத்தாலும் தட்டிப் பார்த்தும் கண்டுபிடித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாமான்களின் சட்டம் அந்தத் தூண்களில்தான் பிடிக்க வேண்டும். பின்பக்கம் கை போகும் இடத்தில் நட்டும் போல்ட்டும். கை போகாத இடத்தில் ரிவெட் நட், அதாவது துளைக்குள் விட்டு இழுத்தால் உள்ளே விரிந்து மரையாக நிற்கும் நட். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் பெரிய வாஷர். மரத்தைச் சின்ன வட்டத்தில் அழுத்தினால் மரம் நசுங்கும். பெரிய வட்டத்தில் அழுத்தினால் தாங்கும். குலுக்கலில் கழன்று வராதபடி நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் போடுங்கள்.

துளை போடும் முன், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். டீசல் தொட்டியோ பிரேக் குழாயோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சேசிஸ் சட்டத்தில் துளையே போடக் கூடாது. மற்ற இடங்களில் போட்ட துளையின் ஓரத்துக்கு உடனே பிரைமர் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

நாங்கள் சட்டங்களுக்கு அலுமினிய ஆங்கிள் போட்டோம். இதில் ஒரு எச்சரிக்கை. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவே ஈரமும் இருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை வையுங்கள்.

வேலைக்கு யமுனாநகரிலிருந்து ஒரு பஞ்சாபி மிஸ்திரியை அழைத்து வந்தோம். நல்ல கைத்தொழில். ஆனால் நான் ஒரு மேல் பெட்டிக்கு எட்டு போல்ட் கேட்டதும் சிரித்துவிட்டார். "பாபுஜி, இதில் என்ன யானையா உட்காரப் போகிறது?" என்றார். "யானை இல்லை மிஸ்திரிஜி, இதன் கீழே என் பேத்தி உட்காருவாள்" என்றேன். அதன் பிறகு எட்டு போல்ட்டையும் அவரே எண்ணிப் போட்டார். முடிந்ததும் நானும் அவரும் அந்தப் பெட்டியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதற்கும் விதி செய்தோம். மேலே போர்வை, துணி, அப்பளக்கட்டு. கீழே அரிசி, பாத்திரம், கருவிப் பெட்டி. குக்கர் இனி ஒருபோதும் மேலே ஏறாது.

கதவுக்குக் காந்தப் பிடி போதாது. வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளும். அழுத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் குமிழ்த் தாழ்ப்பாள் போடுங்கள். இழுப்பறைகளுக்கும் அதேதான். மூலைகள் எல்லாம் உருண்டையாக இழைக்கப்பட வேண்டும். ஓடும் வண்டியில் எந்தக் கூர்மூலையும் யாரோ ஒருவரின் நெற்றிக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்று, டில்லிக் குளிர்காலத்தில் உள்ளே நாலு பேர் மூச்சுவிட்டால் இரும்புச் சுவர் வியர்க்கும். சுவருக்கும் அலமாரியின் முதுகுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுத் துளைகள் வைத்தோம். இல்லாவிட்டால் துணியில் பூஞ்சை வரும்.

வயர், காஸ், தண்ணீர்

மரவேலை மூடுவதற்கு முன் வயர் வேலை முடிந்துவிட வேண்டும். 12 வோல்ட் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் பலர். ஷாக் அடிக்காதுதான், ஆனால் நெருப்பு வரும். 120 வாட் சாதனம் வீட்டின் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே சாதனம் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ஆகவே வயர் தடிமனாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். தகட்டுத் துளைக்குள் வயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் தகட்டின் ஓரம் கத்தியைப் போல நாளாவட்டத்தில் வயரை அறுத்துவிடும். பழைய வண்டியில் இரண்டு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டி வண்டியின் உள்ளே திறக்காமல், அடியில் வெளியே போகும் ஓட்டையோடு தனியாக இருக்க வேண்டும். நாங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று மின்சார அடுப்புக்கு மாறிவிட்டோம். தங்குமிடத்தில் கரண்ட் கிடைக்கும்போது சமையல், இல்லாவிட்டால் தாபா. வாசல் பக்கத்தில், கைக்கு எட்டும்படி, 2 கிலோ தீயணைப்பான் ஒன்று மாட்டினோம்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் ஒரு ஆளும் அரை ஆளும் எடை. அதைத் தரையோடு தாழ்வாக, சமையல் மேடைக்கு எதிர்ப்பக்கம், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்தோம். ஒரு பக்கமே பாரம் சேர்ந்தால் வண்டி வளைவில் சாயப் பார்க்கும். பின்கோடியில் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

சோதனை

புது மரவேலை, சட்டம், கீல் எல்லாம் சேர்த்து 170 கிலோ. பழையதைவிட 140 கிலோ குறைவு. இரண்டு பெரியவர்களின் எடை. தொட்டி நிரப்பி, சாமான் ஏற்றி, குடும்பத்தோடு மறுபடி தரம் காண்டாவுக்குப் போய் மூன்று எடையும் எடுத்தோம். மொத்த எடை ஆர்.சி.யில் அனுமதித்த அளவுக்குள் இருந்தது.

அதன் பிறகு ஆள் இல்லாத மைதானத்தில், வண்டியில் மாப்பிள்ளை மட்டும் இருந்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் திடீர் பிரேக் போட்டார்; பிறகு 40. ஒரு கதவும் திறக்கவில்லை. பணிமனை வழக்கப்படி ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டிருந்தேன். நட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தபோது மூன்று கோடுகள் விலகியிருந்தன. இறுக்கினோம். ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒன்றும் விலகவில்லை.

படுக்கை

2024 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு இந்த வண்டியில் கிளம்பினோம். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். 72 வயதான என் அக்காவும் கூட வந்தார். இடுப்பு வலிக்காரர். ஏறிய உடனே புதுப் படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்காகத்தானே இவ்வளவு மெத்துன்னு செஞ்சிருக்கே? நான் பாட்டுக்கு இதுல படுத்துக்கிட்டே வந்துடறேன்" என்றார்.

"வண்டி ஓடும்போது படுக்கக் கூடாது அக்கா" என்றேன்.

"ஏண்டா, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்ல எத்தனை தடவை படுத்துக்கிட்டு வந்திருக்கேன்!" என்று கேட்டார். சரியான கேள்வி. ஒரு வருடம் முன்பு நானே அப்படித்தான் பேசினேன்.

எட்டு போல்ட் போட்ட பெட்டி விழாது. ஆனால் பிரேக் போட்டால் படுத்திருக்கும் ஆள் விழுவார். மனிதருக்கு போல்ட் போட முடியாது. பெல்ட்தான் போட முடியும். அது கம்பெனி பொருத்திக் கொடுத்த இருக்கையில்தான் இருக்கிறது. பிளைவுட் பெட்டி மேல் மெத்தை போட்டு, அதில் ஒரு பெல்ட்டையும் ஆணி அடித்து இருக்கை என்று சொல்வது ஏமாற்று வேலை. ஆகவே அக்காவுக்கு இருக்கையில் இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, அரைமணி நேரம் படுக்க வைத்தோம். மூன்று நாலு நாளில் போயிருக்கலாம். எட்டு நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். நாக்பூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் படுத்து எழுந்தவர், "ரயில்ல போனா இந்த மரமெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், இப்பத்தான் நின்னு பார்க்கிறேன்" என்றார். அதன் பிறகு நிறுத்தும் இடத்தை அவரே தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பேத்திக்கு இப்போது எட்டு வயதாகப் போகிறது. வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு குமிழ்த் தாழ்ப்பாளையும் அழுத்திப் பார்த்து, வெள்ளைக் கோடுகளை டார்ச் அடித்துப் பார்த்து, "எல்லாம் சரி தாத்தா" என்று சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை சாவியைத் திருப்புவார்.

வண்டியின் உள்வேலையை மாற்ற நினைக்கும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். அளவுகள் எழுதிய நோட்டும், அந்தப் பழைய மேல் பெட்டியிலிருந்து கழன்ற நாலு ஸ்குருக்களும் என்னிடம் இருக்கின்றன. நோட்டைப் பார்க்கும் முன் அந்த ஸ்குருக்களை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள்.